ஷெல் பட்ட கால் மெலிகிறது: எம்.ஆர்.ஐ.யும் ஏஐயும் என்ன சொல்லும்?

பரந்தனிலிருந்து ஒரு மகள் கேட்ட கேள்வி இது, சுருக்கித் தருகிறேன்: "அப்பாவுக்கு 63 வயது. 2009இல் இடது தொடையில் ஷெல் பட்டது. காயம் ஆறி நன்றாகத்தான் நடந்தார், வயலும் செய்தார். இரண்டு வருடமாக அந்தத் தொடை மெலிந்துகொண்டே போகிறது. வரம்பில் ஏறும்போது முழங்காலில் கை ஊன்றுகிறார். கனடாவில் இருக்கிற சித்தப்பா, எம்.ஆர்.ஐ. எடுத்து ஏஐயில் போட்டால் தசையின் ஆரோக்கியம் முழுக்கத் தெரிந்துவிடும், காசு அனுப்புகிறேன் என்கிறார். எடுக்கலாமா? எடுத்தால் என்ன தெரியும்?"

தங்கச்சி, உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. ஷெல் பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பீஸை, அதாவது உள்ளே போன ஷெல் துண்டை, எடுத்தார்களா, உள்ளே விட்டுவிட்டார்களா என்று எழுதவில்லை. நான் எம்.ஆர்.ஐ. அறையில் வேலை செய்கிற ரேடியோகிராபர், சொந்த ஊர் விசுவமடு. எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஏஐயைப் பற்றிப் பிறகு பேசலாம்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். அதன் பலத்தை டெஸ்லா என்ற அலகில் சொல்வோம்: வழக்கமாக 1.5 டெஸ்லா, சில இடங்களில் 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும், இரவில் அறையைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் அந்தக் காந்தம் அப்படியேதான் இருக்கும். ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. சதைக்குள் பல வருடம் கிடந்து, சுற்றிவரத் தழும்பு கட்டி இறுகிய துண்டு பொதுவாக அசைவதில்லை. அப்படிப்பட்டவர்கள் பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துமிருக்கிறோம். ஆனால் அதே துண்டு கண்ணுக்குள், மூளையில், முள்ளந்தண்டு வடத்துக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய் ஒன்றை ஒட்டி இருந்தால் கதை வேறு. சில மில்லிமீற்றர் திரும்பினாலே போதும். சில துண்டுகள் சூடாகவும் கூடும்.

ஆகவே முதல் வேலை எக்ஸ்ரே. பட்ட தொடைக்கு மட்டும் போதாது. அன்று ஒரு ஷெல் விழுந்தால் ஒரு துண்டோடு போனதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். பெரிய காயத்தைக் கட்டினார்கள், சின்னக் காயங்கள் தானாக ஆறின, அவற்றுக்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. தலை, கண், கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா எப்போதாவது வெல்டிங், கிரைண்டர் வேலை செய்தவர் என்றால் அதையும் சொல்லுங்கள். கண்ணுக்குள் போன இரும்புத் தூள் பல வருடம் சத்தமில்லாமல் கிடக்கும். எக்ஸ்ரே துண்டு இருக்கிற இடத்தைக் காட்டும், அது என்ன உலோகம் என்று காட்டாது. எடுக்கலாமா கூடாதா என்று முடிவு சொல்ல வேண்டியவர் கதிரியல் வைத்திய நிபுணர். நானோ சித்தப்பாவோ இல்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒருநாள் ஒரு அம்மா வந்தார், எழுபது வயதிருக்கும். உடம்பில் இரும்பு, பீஸ், சன்னம் ஏதாவது இருக்கிறதா என்று வழக்கம்போலக் கேட்டேன். இல்லை என்றார். படிவத்திலும் இல்லை என்றே எழுதியாயிற்று. உடுப்பு மாற்றி, தோட்டைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, காந்த அறை வாசலில் காலை வைத்தவர் நின்றார். என் கையைப் பிடித்து, "தம்பி, முதுகில சின்னன் ஒண்டு கிடக்குது, அது பரவாயில்லைதானே?" என்று காதுக்குள் கேட்டார். உடனே வெளியே கூட்டிக்கொண்டு வந்து எக்ஸ்ரே எடுத்தோம். மூன்று துண்டு. ஒன்று முள்ளந்தண்டோடு ஒட்டினபடி. அவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை, சி.ரி. ஸ்கானோடு சமாளித்தோம்.

ஏன் முதலில் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும். பீஸ் இருக்கிறது என்றால் எப்படி வந்தது, எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று விசாரணை வரும் என்ற பயம் எங்கள் சனத்திடம் இன்னும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும் இருக்கலாம். அவரிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்: ஸ்கான் அறையில் நாங்கள் கேட்பது எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். எப்படி வந்தது என்பது எங்களுக்குத் தேவையே இல்லை.

அந்தக் காலத்து டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதித் தரும் அட்டை) இருந்தால் எடுத்து வையுங்கள். மாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் மருந்து கட்டியவர்கள், கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றப்பட்டவர்கள் பலரிடம் எந்தத் துண்டுக் காகிதமும் மிஞ்சவில்லை. இல்லையென்றால் பரவாயில்லை. தொடை எலும்பில் தகடு வைத்தார்களா, எந்த ஆஸ்பத்திரியில், எந்த வருடம் என்று அப்பாவின் ஞாபகத்தில் இருப்பதைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், அதுவும் உதவும்.

சரி, எக்ஸ்ரே பார்த்து எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது எம்.ஆர்.ஐ. என்ன காட்டும்?

பனை தறித்துச் சிலாகை எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே சுற்றளவுள்ள இரண்டு பனை. தறித்தால் ஒன்றில் வைரம், அதாவது கெட்டி மரம், தடிப்பாக இருக்கும், மற்றதில் பாதிக்கு மேல் சோறு என்கிற மெதுவான உள்பகுதி. காலும் அப்படித்தான். தசை வேலையில்லாமல் கிடந்தாலோ, அதற்கு வருகிற நரம்பு பழுதானாலோ, தசை நார்கள் சுருங்கி அந்த இடத்தில் கொழுப்பு வந்து நிறையும். அளவு நாடா சுற்றளவை மட்டும் சொல்லும். உள்ளே எவ்வளவு வைரம், எவ்வளவு சோறு என்பதை எம்.ஆர்.ஐ. சொல்லும்.

எப்படிச் சொல்கிறது என்பது அழகான விஷயம், கொஞ்சம் நின்று சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. உடம்பில் இருக்கிற ஐதரசன் அணுக்களின் கருவிலிருந்துதான் சைகை எடுக்கிறது. எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது. தண்ணீரிலும் ஐதரசன் உண்டு, கொழுப்பிலும் உண்டு. ஆனால் காந்தத்துக்குள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை, 1.5 டெஸ்லாவில் செக்கனுக்கு ஏறத்தாழ 220 சுற்று வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து உரலில் இரண்டு பேர் மாவிடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருத்தியின் கை கொஞ்சம் வேகம். தொடக்கத்தில் இரண்டு உலக்கையும் ஒன்றாக விழும். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே போக மற்றது கீழே வரும். பிறகு மறுபடி ஒன்றாகச் சேரும். ஒன்றாக விழுகிற கணத்தில் ஒரு படம், மாறி விழுகிற கணத்தில் ஒரு படம். முதலாவதில் தண்ணீரும் கொழுப்பும் கூட்டுப்படும், இரண்டாவதில் ஒன்றிலிருந்து மற்றது கழிபடும். கூட்டுத்தொகையும் வித்தியாசமும் தெரிந்தால் இரண்டு எண்ணையும் கண்டுபிடிக்கலாம் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 1984இல் டிக்சன் என்பவர் இந்த வழியை எழுதினார், இன்றைக்கும் அவருடைய பெயரால்தான் அழைக்கிறோம். இதனால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை சதவீதம் கொழுப்பு என்று ஒரு எண் கிடைக்கும். நல்ல தொடைத் தசையில் அது சில சதவீதம்தான். நோய் முற்றிய தசையில் பாதிக்கு மேலும் போகும்.

வேறொரு வகைப் படத்தில் கொழுப்பின் சைகையை அடக்கிவிட்டுத் தசைக்குள் நீர் கோத்திருப்பதைப் பார்க்கலாம். அழற்சி இருந்தாலோ, நரம்புத் தொடர்பு அண்மையில் அறுந்திருந்தாலோ அந்தத் தசை வெள்ளையாக மின்னும். கொழுப்பு பழைய சேதம், நீர்க்கோப்பு இப்போது நடந்துகொண்டிருக்கிற சேதம் என்று பொதுவாக வாசிக்கலாம். உங்கள் அப்பா விஷயத்தில் இந்த வித்தியாசம் மிக முக்கியம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனி ஏஐ. தொடை 40 செ.மீ. நீளம், 5 மி.மீ.க்கு ஒரு வெட்டு என்றால் 80 படங்கள். ஒரு தொடையில் பத்துக்கு மேற்பட்ட தசைகள். ஒவ்வொரு தசையின் கனவளவும் கொழுப்புச் சதவீதமும் வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு தசையைச் சுற்றியும் கோடு போட வேண்டும். கையால் போட்டால் ஒரு ஆளுக்கு மணித்தியாலக் கணக்கில் போகும். எந்த ஆஸ்பத்திரியிலும் அதற்கு ஆளில்லை, அதனால் இத்தனை காலமும் "தசை மெலிந்திருக்கிறது, கொழுப்பு ஏறியிருக்கிறது" என்று கண்மதிப்பாக ஒரு வரி எழுதி அனுப்பினோம். இந்தக் கோடு போடுகிற வேலையைத்தான் ஏஐ எடுத்துக்கொண்டது. 2015இல் ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் உருவான யூ-நெற் என்ற அமைப்பும் அதன் வழிவந்தவையும் மருத்துவப் படங்களில் எல்லை பிரிப்பதில் நன்றாகத் தேறிவிட்டன. வல்லுநர்கள் கோடு போட்ட படங்களைக் காட்டிப் பழக்கினால், புதுப் படத்தில் தானாகக் கோடு போடும், அதுவும் சில நிமிடங்களில். அமெரிக்காவில் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்த ஸ்பிரிங்பொக் அனலிற்றிக்ஸ், சுவீடனில் லிங்கோப்பிங் நகரத்தில் அம்ரா மெடிக்கல் என்று இதையே தொழிலாகச் செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன. விளையாட்டு அணிகளிலும் மருந்துப் பரிசோதனைகளிலும் அவர்களுடைய அளவீடுகள் பயன்படுகின்றன. டுஷேன் என்ற தசைநோய் உள்ள பையன்களுக்கு இது பெரிய உதவி. நடையில் மாற்றம் தெரிவதற்கு முன்பே கொழுப்புச் சதவீதம் ஏறுவது படத்தில் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் அப்பாவுக்கும் போடலாமே என்று சித்தப்பா கேட்பார். மூன்று இடத்தில் சிக்கல் வரும்.

ஒன்று, அந்தப் பீஸ்தான். உருக்குத் துண்டு இருக்கிற இடத்தில் காந்தப்புலம் கோணிப்போகும். படத்தில் அந்த இடம் கறுப்புப் பொத்தலாகத் தெரியும், துண்டு அரிசியளவு என்றாலும் பொத்தல் தேசிக்காயளவுக்கு வரலாம். அதைச் சுற்றி நான் மேலே சொன்ன உலக்கைக் கணக்கும் குழம்பும், தண்ணீரைக் கொழுப்பென்றும் கொழுப்பைத் தண்ணீரென்றும் மாற்றிப் போட்டுவிடும். கண்ணால் பார்க்கிற நிபுணர் "இது உலோகத்தின் நிழல்" என்று ஒதுக்கிவிடுவார். உலோகமில்லாத கால்களில் மட்டும் பழகிய ஏஐ அந்தப் பொத்தலைத் தசை இல்லாத இடமாக எண்ணிவிடக்கூடும், கடைசியில் தசமப் புள்ளியோடு ஒரு எண்ணும் தந்துவிடும். தசமப் புள்ளியைப் பார்த்ததும் நாங்கள் நம்பிவிடுகிறோம்.

இரண்டாவது, தசை மோசமாகக் கெட்டிருந்தால் எல்லையே அழிந்துபோய்விடும். நல்ல காலிலேயே முன்தொடையின் வெளித்தசையும் அதற்கு அடியில் இருக்கிற நடுத்தசையும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டு ஒன்றாக ஓடும். இரண்டு வல்லுநர்களிடம் கொடுத்தால் இரண்டு இடத்தில் கோடு போடுவார்கள். ஏஐ அவர்களிடம் பழகியதுதானே.

மூன்றாவது, யாரோடு ஒப்பிடுவது? தசைக்கான பெரிய தரவுகளில் ஒன்று பிரித்தானியாவின் யூகே பயோபாங்க். 100,000 பேருக்கு ஸ்கான் எடுக்கும் வேலையை 2025இல் முடித்தார்கள். மகத்தான வேலை, ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெள்ளையர். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதே உயர எடையிலும் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது தெரிந்த விஷயம். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற மனிதனை அந்த அளவுகோலில் வைத்தால் நல்ல காலுக்கும் குறைவென்றே வரும். அப்பாவுக்குச் சரியான அளவுகோல் அவருடைய வலது கால்தான். அதற்கு அடுத்தது ஒரு வருடம் கழித்து, அதே இயந்திரத்தில், அதே முறையில் எடுக்கிற அவருடைய இடது கால்.

இன்னொன்றும் உண்டு. படம் தசையின் அளவைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. 1990இல் பொஸ்ரனில் ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மற்றவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சி.ரி. ஸ்கானில் பார்த்த நடுத்தொடைத் தசையின் பரப்பு கூடியது 9 சதவீதம்தான். படத்தை மட்டும் பார்த்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் எழுதியிருப்போம்.

ஆகவே பலத்தைப் பலமாகவே அளவுங்கள். வீட்டிலேயே முடியும். கைபிடி இல்லாத சாதாரணக் கதிரை ஒன்றைச் சுவரோடு வையுங்கள். அப்பா இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழும்பி இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் நேரம் பாருங்கள். 12 செக்கன் அல்லது அதற்கு மேல் போனால் உடலின் இயங்கு திறன் குறைவு என்று ஆசிய நாடுகளுக்கான 2019ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. முற்றத்தில் 6 மீற்றர் அளந்து வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள், 6 செக்கனுக்கு மேல் எடுத்தால் அதையும் குறியுங்கள். கெண்டைக்காலின் ஆகத் தடித்த இடத்தை நாடாவால் அளவுங்கள், ஆண்களுக்கு 34 செ.மீ.க்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும். கடைசியாக இரண்டு முழங்கால் சில்லுக்கும் மேலே 15 செ.மீ. தள்ளிப் பேனையால் கோடு போட்டு, இரண்டு தொடையின் சுற்றளவையும் எழுதுங்கள். ஒரு கொப்பியில் மாதம் ஒருமுறை. அந்தக் கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால் டொக்டர் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார், நான் கண்டிருக்கிறேன்.

இப்போது உண்மையான கேள்விக்கு வருவோம். காயம் 2009இல். மெலிவு தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்பு. நடுவில் இத்தனை வருடம் கால் நன்றாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் இது அந்தக் காயத்தின் மிச்சம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், புதிதாக ஏதோ நடந்திருக்கிறது. வன்னியில் காலில் எது வந்தாலும் "அது ஷெல் பட்ட கால்தானே" என்று விட்டுவிடுகிற பழக்கம் இருக்கிறது. அதில்தான் எனக்கு மிகவும் கவலை. முழங்கால் தேய்ந்து வலித்தால் முன்தொடை தானாக ஒடுங்கும். இடுப்பு நரம்பு அழுத்தப்பட்டாலும் ஒடுங்கும். கட்டுப்பாடில்லாத நீரிழிவு தொடை நரம்பைத் தாக்கும். பழைய துண்டைச் சுற்றிச் சீழ் கட்டலாம், தழும்பு நரம்பை இறுக்கலாம். எம்.ஆர்.ஐ. உண்மையாக உதவுவது இந்த இடத்தில்தான். முன்தொடைத் தசைகள் மட்டும் கெட்டிருந்தால் தொடை நரம்பு அல்லது முழங்கால் பக்கம் கை காட்டும். பின்தொடையும் சேர்ந்தால் வேறு நரம்பு. இரண்டு காலிலும் திட்டுத்திட்டாக இருந்தால் தசைநோய். நீர்க்கோப்பு மின்னினால் சேதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவசரம். இதற்கு ஏஐ தேவையில்லை, நல்ல கண்ணும் சரியான கேள்வியும் போதும்.

அதனால் எங்கே எடுப்பது என்று முதலில் கேட்காதீர்கள், எதற்காக எடுப்பது என்று கேளுங்கள். கிளினிக்கில் டொக்டர் காலைப் பிடித்துப் பார்த்து, முழங்கால் தட்டிப் பார்த்து, சீனி, தைரொயிட், சி.கே. என்கிற தசை நொதியம் எல்லாவற்றுக்கும் இரத்தம் எடுத்த பிறகு, தொடைக்கா இடுப்புக்கா எம்.ஆர்.ஐ. என்று முடிவாகட்டும். இடுப்பு நரம்பில் பிழையிருக்கத் தொடையைப் படம் எடுத்தால் சித்தப்பாவின் காசு வீண். நரம்புக் கடத்தல் பரிசோதனை அதைவிடப் பயன்படலாம். பீஸ் காரணமாக எம்.ஆர்.ஐ. முடியாது என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். தசையின் தடிப்பை அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம்.

திடீரென்று இரண்டு காலும் சோர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ, கதிரையில் படுகிற பிட்டமும் தொடையிடுக்கும் மரத்தாலோ, பழைய காயம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

காரணம் தெரிந்து, டொக்டர் சம்மதித்த பிறகு பயிற்சி. கதிரையிலிருந்து எழும்பி இருப்பதே நல்ல பயிற்சி. கணுக்காலில் ஒரு கிலோ மணல் பை கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்கலாம். பிசியோவிடம் ஒருதடவை காட்டிப் பழகுங்கள். முட்டை, மீன், கௌபி, உளுந்து, பயறு ஏதாவது ஒன்று ஒவ்வொரு நேரச் சாப்பாட்டிலும் இருக்கட்டும். ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் புரதத்தைக் கூட்டுங்கள். வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதால் இதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

சித்தப்பாவிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பிலிமைப் போனில் படம் பிடித்து ஏதாவது ஏஐயில் போட்டுப் பதில் கேட்க வேண்டாம். அந்த போட்டோவில் நான் சொன்ன கொழுப்புக் கணக்கு எதுவும் இருக்காது, அது சொல்வதெல்லாம் ஊகம். அத்தோடு அப்பாவின் பெயரும் விபரமும் யார் கைக்குப் போகிறது என்றும் தெரியாது. ஸ்கான் எடுத்தால் சீடியைக் கேட்டு வாங்கி வையுங்கள், மூலப் படங்கள் அதில்தான் இருக்கும், பின்னுக்கு ஒப்பிட அதுதான் வேண்டும். அவர் அனுப்புகிற காசில் முதல் பங்கு போக்குவரத்துக்கும் எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனைகளுக்கும் போகட்டும்.

எக்ஸ்ரே எடுத்ததும் துண்டு எங்கே இருக்கிறது, எத்தனை என்று எழுதுங்கள். கொப்பியில் இருக்கிற எண்களையும் அனுப்புங்கள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் என்ன கேட்பது என்று சேர்ந்து எழுதுவோம்.